மூன்று இசக்கியும் ஒரு pkill-உம்

1. கொல்லலாமா, கூடாதா?

நான் கணினியைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. ஜெராக்ஸ் கடையில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவன். தச்சநல்லூரில் இருக்கும் எங்கள் அலுவலகம் அச்சகங்களுக்கு லினக்ஸில் மென்பொருள் செய்து கொடுக்கிறது. அதற்குத் தமிழில் உதவிப்பக்கம் எழுதுவது என் வேலை. அன்றைக்கு எழுத வந்தது pkill. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அசையாமல் நின்றுவிட்டால், கறுப்புத் திரையில் அதன் பெயரைச் சொல்லி நிறுத்துகிற கட்டளை.

“பெயர் சொல்லிக் கொல்வது” என்று தலைப்பு வைத்தேன். முதலாளி அண்ணாச்சி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“என்னவே, செய்வினை வைக்கதுக்கா எழுதுதீரு? கல்யாணப் பத்திரிகை அடிக்க எடம்வே அது.”

“அதோட பேரே அதுதான் அண்ணாச்சி.”

“பேரு என்னவும் இருக்கட்டும். பைய கெளம்பச் சொல்லும்.”

அவருக்குக் கட்டளை தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார். pkill எடுத்த எடுப்பில் யாரையும் வெட்டாது. ‘கிளம்பு’ என்று சொல்லும். -9 சேர்த்தால்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளும். “பெயர் சொல்லி நிறுத்துவது” என்று மாற்றினேன். கூடவே என் கெட்டிக்காரத்தனத்தையும் ஒரு வரி சேர்த்தேன்: “பெயரை முழுதாக அடிக்க வேண்டியதில்லை, பாதி போதும்.”

2. அம்பாசமுத்திரத்திலிருந்து போன்

உதவிப்பக்கம் அச்சகங்களுக்குப் போன மறுவாரம், மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது போன். அம்பாசமுத்திரம் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த செல்வி.

“அண்ணாச்சி, எல்லாம் போயிட்டு.”

“என்னம்மா போயிட்டு?”

“பிரிண்டருக்கு அனுப்புற achu புரோகிராம் நின்னுட்டு. நீங்க எழுதினபடியே pkill achu-ன்னு அடிச்சேன். achu-வும் போயிட்டு, பத்திரிகை அடிச்சு வச்சிருந்த achukorppu-வும் போயிட்டு. காலையிலேருந்து அடிச்ச சொந்தக்காரங்க பேரு ரெண்டு பக்கம், அண்ணாச்சி! நாலு மணிக்குப் பொண்ணோட அப்பா புரூஃப் பாக்க வாராரு. இந்த வேலை கைவிட்டுப் போனா நாளையிலேருந்து நீ வரவேண்டாம்னு முதலாளியம்மா சொல்லிட்டாவ.”

“சேமிக்கலையாம்மா?”

“சேமிக்கணும்னு எங்க எழுதியிருக்கீய?”

நான் எழுதவில்லை. ‘கிளம்பு’ என்றால் சேமித்துவிட்டுக் கிளம்பும் மரியாதையை எங்கள் புரோகிராமுக்கு நாங்களும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் achu என்று சொன்னதற்கு achukorppu ஏன் கிளம்பியது? அதை எழுதிய இசக்கிமுத்துவைக் கேட்கலாம் என்று சத்தம் போட்டேன்.

“ஏ இசக்கி!”

இசக்கிமுத்து எழுந்தான். பக்கத்து மேசை இசக்கியப்பன் எழுந்தான். கணக்குப் பார்க்கும் இசக்கியம்மாளும் மோர்ச்சட்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுதிய ‘பாதி போதும்’ இதுதான். அந்தப் பாதி எத்தனை பெயருக்குள் இருக்கிறதோ அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள்.

“மூணு பேரும் இருங்க,” என்றேன். “மூணு பேருக்கும் வேலை இருக்கு.”

செல்வி கையெழுத்துத் தாள்களைப் படம் பிடித்து அனுப்பினாள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து அடித்தோம். “பொண்ணு வீட்டுக்காரங்க மொத்தத் தாமிரபரணிக் கரையையும் கூப்பிடுதாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இசக்கியம்மாள்தான் முதலில் முடித்தாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் செல்விக்குப் போய்ச் சேர்ந்தது.

3. இன்னொரு இசக்கிமுத்து

செல்வி போனை வைக்காமல் மேசைமேல் போட்டிருந்தாள். பெண்ணின் அப்பா ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசிப்பது எங்களுக்குக் கேட்டது. திடீரென்று நின்றார்.

“ஏம்மா, இசக்கிமுத்து ஒருத்தன்தான் நிக்கான். இன்னொருத்தன எங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். இசக்கியப்பன் தலையைச் சொறிந்தான். “ஒரே பேரு ரெண்டு தடவ இருந்துச்சு. கை தவறி எழுதிட்டாவன்னு ஒண்ண எடுத்துட்டேன்.”

“ஒருத்தன் எங்க அண்ணன், ஒருத்தன் மச்சினன்,” என்றது போன். “மச்சினன் பேரு இல்லாம பத்திரிகை போச்சுன்னா என் வீட்டுக்காரி என்னையப் பந்தலுக்குள்ள விடமாட்டா!”

செல்வி அசரவில்லை.

“சேத்தாச்சு, ஐயா. உங்க அண்ணனுக்கு ஊரு போட்டிருதேன், மச்சினருக்கு நம்ம கடைத்தெரு வாழைக்காய் மண்டின்னு போட்டிருதேன். அப்பதான் யாரு எவருன்னு தெரியும்.”

“மண்டின்னு போடுதியா? போடு, போடு. மச்சினன் மூஞ்சி பூவா மலர்ந்துரும்.” சிரித்துக்கொண்டே அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே பக்கத்தைத் திருத்தினேன். ‘பாதி போதும்’ போயிற்று. முதலில் pgrep -l achu அடிக்க வேண்டும். அந்தப் பெயருக்கு யார் யார் திரும்புகிறார்கள் என்று, அவரவருக்குக் கணினி கொடுத்திருக்கும் எண்ணோடு காட்டும். வேலையைச் சேமிக்க வேண்டும். அப்புறம் pkill -x achu. -x போட்டால் முழுப்பெயர் பொருந்துகிறவர் மட்டும் கிளம்புவார். அதே முழுப்பெயரில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். அப்போது பெயரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லி kill அடிக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. எழுதுகிறவன் வாசிக்கிறவனுக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிற நாலு எழுத்து, அவனுடைய ஒரு நாள் உழைப்பைத் தின்றுவிடலாம்.

செல்வி இன்னும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறாள். இப்போதும் ஏதாவது கேட்கக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆரம்பிப்பாள்:

“அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் அச்சாபீஸ் செல்வி பேசுதேன். வெறும் செல்வின்னு சொன்னா, நீங்க அங்கன எத்தன பேர எழுப்பி விடுவீயளோ!”