நூறாம் நாளில் பிடுங்கிய கொடிக்கடலை

ஈப்போ ரயில் டேசன் வாசலில் கடலை வறுத்து விற்கிறவன் நான். சீனாக் கடலை, ஜாவாக் கடலை என்று இரண்டு சாக்கு வைத்திருக்கிறேன். எங்கள் தென்னாற்காட்டில் இதற்கு மணிலாக்கொட்டை என்று பேர்; மலாய்க்காரர்கள் கச்சாங் சீனா என்பார்கள். யாரைக் கேட்டாலும் வேறு சீமையைத்தான் கை காட்டுவார்கள். எது எங்கிருந்து வந்தாலும், எண்ணெய் மணத்தில் எங்களூர்க் கொடிக்கடலையை அடிக்க ஆளில்லை. அது இங்கே கிடைப்பதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அக்காவும் மச்சானும் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்தபோது அக்கா கொண்டுவந்த கொடிக்கடலை விதையை, இளங்கன்றுகளின் நடுவே போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிடுங்குகிறோம் என்று சொல்லியனுப்பியதும், 1926 ஐப்பசியில் கோணிப்பையோடு கிளம்பிவிட்டேன்.

காலை ஏழே காலுக்கு ரயில், மூன்றாம் வகுப்பு இருபத்தைந்து காசு. கடலை பார்க்கப் போகிறேன் என்றதும், டிக்கெட் கொடுத்தவர் தஞ்சோங் ரம்புத்தானுக்கே கிழிக்கவா என்று கேட்டார். அங்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பேராக்கில் தெரியாதவர் யார்? நானும் சிரித்து வைத்தேன். செமோரில் இறங்கி மூன்று மைல் மாட்டுவண்டி. அதற்கு முப்பது காசு.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு வரிசை பிடுங்கியாகிவிட்டது. ஒரு காயை உடைத்தேன். தோலின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது, பருப்பு முற்றாமல் பாலாக இருந்தது. எத்தனை நாள் என்றேன். மச்சான் நெஞ்சை நிமிர்த்தி நூறு என்றார். பக்கத்துச் சீனத் தோட்டக்காரரும் இவரும் ஒரே நாளில் விதைத்தார்களாம். அவர் நேற்றுப் பிடுங்கினாராம், இவரும் இறங்கிவிட்டார். அட மனுஷா! அவருடையது கொத்துக்கடலை, நிமிர்ந்து நின்று நூறு நாளில் முடியும். நம்முடையது தரையில் ஓடுகிற ஜாதி, நூற்று நாற்பது வேண்டும்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டில் ஒரு மணி விதை மிச்சமில்லை, எல்லாம் இந்த மண்ணில்தான். அதற்குள் கங்காணி வந்து நின்றார். இன்றைக்குள் காலி செய்வதாக மச்சானே வாக்குக் கொடுத்திருந்தார். நாளைக்கு அங்கே மண் கரையாமல் இருக்க மூடுகொடி விதைக்க வேண்டுமாம். மச்சான் தலையைச் சொறிந்தார். அக்காதான் வரப்பைத் தாண்டிப் போனாள்.

"மண்ண மூட கொடி வேணும்னுதானே தொர சொன்னாரு? இது என்னவாம்? கை வைக்க எடமில்லாம மூடியிருக்கு. நாப்பது நாள் விடுங்க லா, கங்காணி ஐயா."

கங்காணி குனிந்து கொடியை விலக்கிப் பார்த்தார். ஒரு புல் இல்லை. துரையிடம் தாமே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

பிடுங்கிய பிஞ்சை உப்புப் போட்டு அவித்தோம். அப்படியொரு ருசி! போகிறவர்கள் மார்கழியில் போங்கள், மழைக்குக் குடை எடுங்கள், மச்சானிடம் நாள் கேட்காதீர்கள்.

கோணி காலி. முற்றியதும் ஒரு படியாவது வறுக்கக் கொடு என்று கெஞ்சினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வறுத்தது மொளைக்குமாடா?"