தூளி கட்ட உத்தரம்

சிலமலையில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர்கள் ரேடியோவில் செய்தி கேட்க ஓர் அறை அமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

"ஒரு வாரம் பாரு. ஆள் வரலேன்னா ரேடியோவைப் போடிக்கே கொண்டா" என்றார் போடியில் இருந்த தோட்ட முதலாளி.

எதிரொலி கேட்கக் கூடாதென்று உத்தரத்தை மறைத்துச் சாக்கு அடித்தேன். பெஞ்சுகளை ரேடியோவைப் பார்த்து வரிசையாகப் போட்டு, அசையாமல் ஆணியடித்தேன். ஆறு நாளும் மாலைச் செய்தியை நான் ஒருவனே கேட்டேன். தொழிலாளர் வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் போனால் "சார்" என்று எழுந்து அடங்கிவிடுவார்கள்.

ஆறாம் நாள், ஏலக்காய் எடுக்கும் பேச்சியக்காவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஏன்க்கா யாருமே வர மாட்டேங்கிறீக?"

"பிள்ளைய எங்க போடுறது சார்? தூளி கட்ட உத்தரத்தையே காணோம். வட்டமா ஒக்காந்து காய் பொறுக்கிக்கிட்டே கேக்கலாம்னா பெஞ்சு நகர மாட்டேங்குது. அது ஒங்களுக்குக் கட்டுன ரூமுல்ல?"

அன்றே சாக்கைக் கிழித்தேன், ஆணிகளைப் பிடுங்கினேன்.

மறுநாள் பெண்கள் முறத்தோடு வந்து பெஞ்சுகளை ஓரங்கட்டினார்கள். மூன்று தூளிகள் தொங்கின. நான் மூலையில் தனியாக நின்றேன். பேச்சியக்கா ஒரு தூளிக்கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"சும்மாதானே நிக்கிறே அப்பு, ஆட்டு!"

ரேடியோ போடிக்குத் திரும்பவில்லை. அன்று என்ன செய்தி வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. படிப்புதான் என்னைத் தனியாக்கியது என்று அதுவரை நம்பியிருந்தேன். ஆணியடித்தது என் கைதான்.