யன்னல் பெயின்ற் பூசிய எஞ்சின்

எங்கள் வீட்டில் அப்பாவின் கோபத்துக்கு ஓய்வுநாள் கிடையாது. கறியில் உப்புக் கூடினாலும் கத்துவார், கதவைச் சத்தமாகச் சாத்தினாலும் கத்துவார். ஆகவே அம்மா அந்த எஞ்சினை உடைத்த அன்று வீட்டுக் கூரை பறக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அது படகுக்குப் பூட்டும் பழைய டீசல் எஞ்சின். சண்டையில் முல்லைத்தீவுக் கரையை விட்டு எல்லோரும் ஓடியபோது அப்பா அதற்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போனாராம். அப்போது நான் கைக்குழந்தை, அண்ணா ஓடித்திரிகிற பிள்ளை. திரும்பி வந்தபோது நாங்கள் மூன்று பேர்தான். சில வருடங்கள் கழித்துப் பழைய படகொன்று கிடைத்ததும் எஞ்சினைத் தோண்டி எடுத்தோம். அது ஓடினால் அப்பா சொந்தப் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகலாம். ஓடாவிட்டால் காலம் முழுக்க இன்னொருவர் படகில் கூலிக்கு இழுபட வேண்டியதுதான்.

அந்தக் கோடை முழுவதும் வீட்டில் மண்ணெண்ணெய் மணம். இரவுத் தொழில் முடிந்து கடலால் வந்த அப்பா, படுக்கவேண்டிய பகலில் துருச் சுரண்டினார். சமையலை இறக்கிவைத்துவிட்டு அம்மாவும் வந்து சுரண்டினார். இந்தப் பக்கம் போன துரு அந்தப் பக்கம் சிரித்தது. இருவருக்கும் பேசவும் தெம்பில்லை. அப்பாவுக்குக் கத்த மட்டும் எப்படியோ தெம்பிருந்தது.

பெயின்ற் வேலையை அம்மாவின் தம்பியான என் மாமா ஏற்றுக்கொண்டார். எஞ்சினுக்கென்று சூடு தாங்கும் பெயின்ற் உண்டு. மாமா கொண்டுவந்ததோ வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டு யன்னல்களுக்குப் பூசி மிஞ்சிய பச்சை. புகைக்குழாயையும் விடாமல் பூசித் தள்ளினார்.

“பாருங்கோ அக்கா, கலியாணப் பொம்பிளை மாதிரி நிக்குது” என்றார்.

ஒரு ஞாயிறு காலை முற்றத்தில் பனங்குற்றிகளின் மேல் எஞ்சினை இறுக்கி, கைப்பிடி போட்டுச் சுற்றினார்கள். இருமியது, பிறகு ஓடியது. அப்பா சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. நல்லாகச் சூடேறியதும் யன்னல் பெயின்ற் கொப்பளித்துக் கரும்புகை கிளம்பியது.

“ஒண்டுமில்லை, பெயின்ற்தான் எரியுது” என்று மாமா சொல்லி முடிப்பதற்குள் அம்மா குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்னைப் பின்னே தள்ளிவிட்டு, வாளித் தண்ணீர் முழுவதையும் எஞ்சின்மேல் ஊற்றினார். கொதித்த இரும்பு டக்கென்று வெடித்து விரிசல் விட்டது. ஓட்டம் நின்றது. இனி அது ஓடாது என்று மாமாவின் முகமே சொன்னது.

அம்மா வெறும் வாளியோடு மறுபடி கிணற்றடிக்கு ஓடப் பார்த்தார். நான் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா போய், வாளியை இறுக்கியிருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

“காணும், ஊத்தினது போதும், விடும். நெருப்பு நூந்திட்டுது. பிள்ளை இஞ்ச நிக்கிறாள், பாரும்.”

அவ்வளவுதான். பச்சை எஞ்சின் பழைய இரும்போடு லொறியில் போனது. அப்பா கூலிக்குப் போனார், உப்புக்கும் கதவுக்கும் வழக்கம்போலக் கத்தினார். எஞ்சினைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அப்பாவுக்கு அம்மாவில் பயம் என்று பள்ளிக்கூடத்தில் சிநேகிதியிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஓடிய வழியில் எங்கள் தறப்பாள் கூரைக் கொட்டில் எரிந்ததையும், உள்ளே அண்ணா இருந்ததையும், ஊற்ற ஒரு வாளி தண்ணீர்கூடக் கிடைக்காததையும் அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.