ஜுரம் என்று எழுதிய தெரு

ஆள் தெரிவதற்கு முன்னால் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். விறுவிறுவென்று வந்தால் பிறப்பு; தேய்த்துக்கொண்டு வந்தால் இறப்பு. ஜனன மரணப் பதிவேட்டுக்கு முன்னால் ராத்திரி ட்யூட்டி பார்த்த சகோதரர்களே, உங்களுக்கும் இந்தக் காது வாய்த்திருக்கும். அடக்கத்துக்குச் சீட்டு எந்நேரமும் தேவைப்படும் என்று நம்மைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்களே! நான் உட்கார்ந்தது வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன். பழைய பதிவேடுகளைப் புரட்டியே இங்கிலீஷ் கற்றேன். வேறு யாரும் அவற்றைப் புரட்டுவார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லோருக்கும் அறுபது

வயதுக் கட்டம்தான் முதல் தலைவலி. குடியாத்தத்திலிருந்து வந்து குடியேறிய நெசவுக்காரர் ஒருவர், மாமனார் சாவைப் பதிய வந்தார். வயது கேட்டேன். கூட வந்த மைத்துனர்களில் ஒருவர் ஐம்பது என்றார், இன்னொருவர் எண்பது என்றார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "அறுபது போடட்டுமா?" என்றேன். நெசவுக்காரர் முகம் தெளிந்துவிட்டது.

"போடுங்க சார், சண்ட இல்லாம அனுப்பிடலாம்."

நல்லா எழுதுறவர்

கட்டத்தை நிரப்புவதே ஒரு உபகாரம் என்று எனக்கு இப்படித்தான் பழக்கமாயிற்று. கஜேந்திரன் வந்தபோது சத்தமே கேட்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவன்; காலில் செருப்பில்லை. மனைவி வாந்திபேதியில் ஒரே பகலில் போய்விட்டாள். "அப்டியே எழுதிடாதீங்க சார். சர்க்கார் ஆளுங்க வந்து பாய், துணி எல்லாத்தயும் கொளுத்திடுவாங்க. ஷாப்புலயும் உள்ள விடமாட்டாங்க. ஒரே பேஜாரு. ஜொரம்னு போடுங்க" என்றான்.

ஜுரம் என்று போட்டேன். அந்த வாரமே அதே தெருவிலிருந்து மேலும் மூன்று பேர் வந்தார்கள். மூன்றும் ஜுரம். கடைசியாக வந்த பெரியவரிடம், நேராக என்னிடமே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான் நல்லா எழுதுறவர்னு கஜேந்திரன் சொன்னான் சார்."

மூன்று டின்

இரண்டு நாள் கழித்துக் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். என் பதிவேட்டைத் தெருத் தெருவாகப் பிரித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அதைப் படித்த முதல் மனிதர். கிணறுகளில் போட அவரிடம் இருந்தது மூன்றே டின் பிளீச்சிங் பவுடர். எந்தத் தெருவில் வாந்திபேதி ஜாஸ்தியோ, அங்கேதான் போட முடியும். கஜேந்திரன் தெருவுக்கு வந்தபோது அவர் பென்சில் நின்றது. "நாலு சாவு, எல்லாம் ஜுரமா?" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்காது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தாளில் அடுத்த தெருவுக்குப் போனபடியே சொன்னார்:

"ஜுரத்துக்குக் கெணத்துல நமக்கு இன்னாய்யா வேல?"

ஆறு வயசு

பத்து நாளில் கஜேந்திரன் மறுபடி வந்தான். இந்த முறை மகள். அவள் வயதில் அவனுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை, ஆறு என்றான். நான் எதுவும் கேட்காமல் வழக்கப்படி பேனாவைக் காரணக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். சுண்ணாம்பில் வெந்த விரலை அந்தக் கட்டத்தின்மேல் வைத்து மறைத்துக்கொண்டான்.

"இந்த வாட்டி நெஜத்த எழுதுங்க சார். பக்கத்துத் தெரு கெணத்துக்கெல்லாம் மருந்து போட்டாங்களாம், எங்க கெணத்துக்கு யாருமே வர்ல."

சிவப்பு மை

வாந்திபேதி என்றே எழுதினேன். விடிந்ததும் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பக்கத்து ஊரில் ஒரு டின் கடன் வாங்கி, மத்தியானத்துக்குள் கிணற்றில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்தத் தெருவிலிருந்து சீட்டுக்கு யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் பழைய நான்கு வரிகளையும் சிவப்பு மையில் திருத்தச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார்.

"ஒன் எரக்கத்துக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சிருந்தா, முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பேன்யா."

சர்க்கார் எங்கள் ஊரைப் பார்க்கவே இல்லை என்று ஊரோடு சேர்ந்து நானும் ரொம்ப நாள் குறைப்பட்டிருக்கிறேன், அது பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜன்னலில் திரை போட்டது நான்தான் என்று தெரியாமல். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நிப்பைத் துடைத்துக்கொண்டு, புதுப் பக்கத்துக்குக் கோடு போட ஆரம்பித்தேன்.