நடுவில் ஒரு ‘த்து’

என் மாமாவின் வலது கால் சும்மா இருக்காது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். பக்கத்து இருக்கையில் மாமா. அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும், குறுக்கே நாய் ஓடினாலும், ஓட்டுகிறவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாலும் மாமாவின் கால் கவனித்துக்கொள்ளும். வேலை முடிந்துவிட்டது என்பது மட்டும் அந்தக் காலுக்குப் புரிவதேயில்லை. பேருந்தில், லிஃப்டில், முடிவெட்டும் கடையின் சுழல் நாற்காலியில், எங்கே உட்கார்ந்தாலும் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். அவருடைய வலது செருப்பு மட்டும் முன்பக்கம் ஓட்டையாகிவிடும். “ஒத்தச் செருப்பு விக்கிறதில்ல சார்” என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

மாமாவுக்கு “முடியாது” என்று சொல்ல வராது. அதற்குப் பதிலாக அவரிடம் இரண்டு வார்த்தைகள் இருந்தன. “பாத்துக்கலாம்” என்றால், நான் இருக்கிறேன், நடக்கும். “பாக்கலாம்” என்றால் நடக்காது. வெளியாட்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்து நடையாய் நடப்பார்கள். வீட்டில் யாரும் அப்படி ஏமாறுவதில்லை. நாய்க்குட்டி வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு “பாக்கலாம்” என்று பதில் வந்தது. அவள் அன்றைக்கே அழுது முடித்துவிட்டாள்.

ஆல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அத்தை பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். நோயாளிகள் பயத்தை மறக்கட்டும் என்று அவருக்கு எதிர்ச்சுவரில் ஒரு பனிமலைப் படம் மாட்டியிருந்தார்கள். அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கப் போனவர், அது பெரிய குடை மாதிரி ஒன்றில் தொங்கியபடி பறக்கும் ஆள் என்று கண்டுபிடித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும், “ஒரு நாளாவது நான் அந்தப் புள்ளியா இருக்கணும்” என்றார். நான் இத்தனை கவிதைப் புத்தகம் படித்தும் அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் பயணத்தில் நானும் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நால்வரும் உட்காருவோம். மாமாவின் மகளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பேர். பள்ளியில் படிக்கிற பெண்தான், ஆனால் மடிக்கணினியைத் திறந்துவிட்டால் எங்களை ஊழியர்கள் மாதிரி நடத்துவாள்.

“முதல்ல மலை ஏறுற ரயில். நடுவுல பல்லு வச்ச தண்டவாளம் இருக்கும். சக்கரம் அதைக் கடிச்சுக்கிட்டே ஏறும், கடிச்சுக்கிட்டே இறங்கும்.”

“பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறுதா? நம்ம குடும்ப வண்டி. பாத்துக்கலாம்” என்றார் மாமா.

“பல்லுன்னா என் டிபார்ட்மெண்ட்” என்று அத்தை முகத்தை உயர்த்திக்கொண்டார்.

“அடுத்து சறுக்கு வண்டி. மலைச் சரிவுல தண்டவாளம் மேல ஆளுக்கு ஒரு வண்டி. கையில ஒரு நெம்புகோல் இருக்கும். தள்ளினா வேகம், இழுத்தா பிரேக்.”

“பிரேக் என் கையிலயா?” மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரெண்டு தரம் போவோம்.”

“கம்பியில தொங்கிட்டுப் போற பெட்டி.”

“அதுல பிரேக் யார்கிட்ட?”

“மேல ஸ்டேஷன்ல ஒருத்தர்கிட்ட.”

“அவரு டீ குடிக்கப் போயிட்டா?”

“அப்பா!”

“சரி, பாத்துக்கலாம்.” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பள்ளத்தாக்கின் மேல் ஆடும் ராட்சத ஊஞ்சலுக்கு “பாக்கலாம்” வந்தது. மேனேஜர் மறுபேச்சில்லாமல் அதை அழித்தாள்.

சிவப்புப் புள்ளி விவகாரத்தை மட்டும் அத்தை மேசையில் எடுக்கவில்லை. ஒரு நாள் வேலை நேரத்தில் மாமாவைத் தொலைபேசியில் பிடித்தார். எனக்கு அன்று விடுமுறை; கடைவீதிக்குப் போக மாமாவின் காரில் பின்னிருக்கையில் இருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பேக்கரிக்காரர். ரவுண்டானாவில் எந்தப் பக்கம் வெளியே போவது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“ஏங்க, பறக்கறதுக்கு இடம் இருக்காம். பதிவு பண்ணிடட்டுமா?” அத்தையின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

“லெஃப்ட்ல போங்க சார், லெஃப்ட்! கேக் மாவா சுத்துறீங்க? …ம், பாக்கலாம், பாக்கலாம்.” பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று சாப்பிடும்போது அத்தை சொன்னார்: “பதிவு பண்ணிட்டேன். ரெண்டு பேரா சேந்து பறக்கறது.”

மேனேஜர் கரண்டியைப் போட்டுவிட்டாள். “அப்பா ஒத்துக்கிட்டாரா?”

“கேட்டேன். சொன்னாரு. அவ்வளவுதான்.”

மாமா வாயில் வைத்ததை மெல்லவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். அப்படியே விழுங்கினார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. அத்தை சமையலறையில் பாட ஆரம்பித்தார். ராகம் சேராது, வரி நினைவிருக்காது, ஆனாலும் நிறுத்தவில்லை. மாமாவோ இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு, “வா மாப்ள, கொஞ்சம் காலாற நடந்துட்டு வரலாம்” என்றார்.

நடை பூங்காவில் போய் நின்றது. குழந்தைகள் போய்விட்டிருந்தார்கள். மாமா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். அது குழந்தைகள் அளவு. இரண்டு சங்கிலியும் அவர் இடுப்பைக் கவ்விக்கொண்டன.

“தள்ளு.”

தள்ளினேன். வலது கால் மணலில் கோடு கிழித்துக்கொண்டே போய் நின்றது.

“மாமா, கால எடுங்க.”

“எடுத்துட்டுதான்டா இருக்கேன். அது எங்க கேக்குது?”

இன்னொரு தரம் தள்ளினேன். இன்னொரு கோடு. மூன்றாவது தரம் செருப்பு கழன்று மணலில் கிடக்க, வெறுங்கால் அமுக்கியது. நான் சிரிப்பை அடக்க முயன்றது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“சிரி, சிரி. டேய், நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? உன் காதாலயே கேட்டியே.”

“பாக்கலாம்னு சொன்னீங்க.”

“அவளுக்கு அது பாத்துக்கலாம்னு விழுந்திருக்கு. நடுவுல ஒரே ஒரு ‘த்து’ மாப்ள. அந்த பஸ்காரன் அடிச்ச ஹாரன்ல வந்து ஒட்டிக்கிச்சு. இப்ப நான் அந்த ‘த்து’வப் புடிச்சுத் தொங்கிட்டு மலையிலருந்து குதிக்கணும்.”

“அத்தைகிட்ட சொல்லிடலாமே மாமா.”

சங்கிலியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். “பாடுறாடா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சொன்ன பதிலக் கேட்டு அவ பாடினதே இல்ல. நான் வரலன்னா, ‘சரி, எனக்கும் வேணாம்’னு நிறுத்திடுவா. அவளுக்கு அது ஒரு பழக்கம். நான் விழுந்து செத்தாலும் சரி, அந்தப் பாட்ட நிறுத்த மாட்டேன்.” கொஞ்சம் யோசித்து, “நல்லா பாடினாலாவது பரவால்ல” என்றார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். “கவிதை படிக்கிறவன்கிட்ட ரகசியம் பத்திரமா இருக்கும். நீங்க சொல்றதுதான் யாருக்கும் புரியாதே” என்று எழுந்தார். ஊஞ்சல் அவரோடு சேர்ந்து எழுந்தது. இருவருமாகத்தான் கழற்றினோம்.

அப்படியே பயண வாரமும் வந்துவிட்டது. அந்த ஞாயிறு மேனேஜர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “பறக்கற இடத்துலருந்து செய்தி வந்திருக்கு. பறக்கிறவங்க எடை என்னன்னு கேக்கறாங்க.”

மாமா எழுந்தார். அறையிலிருந்து எடை பார்க்கும் கருவியைக் கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார். காலை நடை போய் வந்து கழற்ற மறந்திருந்த செருப்பைக் கழற்றினார். தூக்குமேடையில் ஏறுகிற மாதிரி ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“எழுதிக்கம்மா.”

அத்தை சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். “நீங்க எதுக்கு அதுல ஏறி நிக்கிறீங்க?”

“பறக்கிறவங்க எடை கேக்கறாங்கல்ல?”

“அது நான். ரெண்டு பேர்னா நானும், பின்னாடி உக்காந்து ஓட்டுறவரும். உங்கள யாரு கூப்பிட்டா?”

மாமா கண்ணைத் திறந்தார். கீழே இறங்கவில்லை. “நான் பாத்துக்கலாம்னு சொன்னதா நீ…”

“பாக்கலாம்னு சொன்னீங்க.” அத்தை பக்கத்தில் வந்து நின்றார். “ஆஸ்பத்திரியில பாதி வாய் மரத்துப்போய் வந்து பேசுறாங்களே, அவங்க பேச்செல்லாம் எனக்குப் புரியுது. கூடவே குடும்பம் நடத்துற ஆளு முழு வாயோட பேசினா புரியாதா? நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும். உங்களுக்காக எத்தனையோ வேணாம்னு விட்டாச்சு. இத விட மனசு வரல. அதான் எனக்கு மட்டும் பதிவு பண்ணினேன்.”

“அப்ப அந்தப் பாட்டு?”

“எந்தப் பாட்டு?”

“சமையல்கட்டுல.”

“அது என் சந்தோஷத்துக்குப் பாடினது. ஏன், நல்லா இல்லையா?”

நான் சுவரைப் பார்த்தேன். மேனேஜர் மாமா முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, “அப்பா, நீங்க நிஜமாவே குதிக்கறதா இருந்தீங்களா?” என்றாள்.

மாமா கருவியிலிருந்து இறங்கி, கழற்றிய செருப்பைத் தேடினார். அதை அத்தைதான் முதலில் பார்த்தார். குனிந்து எடுத்தவர், திருப்பிப் பார்த்தார். ஓட்டைக்குள் பூங்கா மணல் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மணலைத் தட்டிவிட்டு அவர் காலடியில் வைத்தார்.

“நிஜமா வர்றதா இருந்தீங்களா?” இப்போது அத்தையின் குரல் வேறாக இருந்தது.

“கால்தான் ஒத்துக்கல” என்றார் மாமா.

பிறகு மாமா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். உயிர் பிழைத்தவருக்கு வர வேண்டிய முகம் அவருக்கு வரவில்லை. “அந்தப் பின்னாடி உக்கார்றவன் எப்படி? அனுபவம் உள்ளவனா? அவன்கிட்ட பிரேக் இருக்கா?”

மேனேஜர் தேடிப் பார்த்தாள். “ரெண்டு கையிலயும் கயிறு இருக்குப்பா. அதுக்குப் பேரே பிரேக்குதான்.”

“முன்னாடி கத்துக்குட்டி. பக்கத்துல உக்காராம பின்னாடி உக்கார்றான், அவ்வளவுதான். எங்க தொழில்தான்.” தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

“நீங்க கீழ புல்வெளியில நில்லுங்க” என்றார் அத்தை. “பாக்கலாம்னு சொன்னீங்கல்ல? நின்னு பாருங்க. நான் எறங்கறப்ப தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கீழ இருக்கணும்.”

மேனேஜர் இறங்கும் இடத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பச்சைச் சரிவு, ஓரத்தில் ஒரு மரவேலி, மேலே வெகு உயரத்தில் ஒரு புள்ளி. மாமா அந்தப் புள்ளியை விரலால் தொட்டார், அங்கிருந்து புல்வரைக்கும் மெதுவாகக் கோடு இழுத்தார். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். மேசைக்கடியில் அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரருக்குப் பிரேக் அடிக்கிற மாதிரி திடீரென்று இல்லை. தூங்குகிற குழந்தை முன்னிருக்கையில் இருந்தால் எப்படிக் காரை நிறுத்துவாரோ அப்படி, கொஞ்சம் கொஞ்சமாக.

“பாக்கலாம்” என்றார்.

சமையலறையில் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.