பன்னிரண்டாவது வில்லையின் காவிப் பொட்டு

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, மடியில் ஒரு டப்பாவில் இருபது வெள்ளை வில்லைகளோடு விருத்தாசலம் போனேன். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. எலும்பில் இருப்பது போன்ற கால்சியம் பாஸ்பேட் தூளை அழுத்திச் செய்தவை. புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், எலிகளின் உடைந்த எலும்பில் இவற்றை ஸ்டெம் செல்களோடு வைப்போம். வைத்த செல்கள் அங்கேயே தங்குகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அதற்காகச் செல்லுக்குள் நுண்ணிய இரும்புத் துகள் ஏற்றுவோம். எம்ஆர்ஐ ஸ்கேனில் இரும்பு இருக்கும் இடம் கருப்பாகத் தெரியும்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, வில்லைகளைச் சுடும் எங்கள் உலையின் கம்பி அறுந்துவிட்டது. செல்களுக்கு இரும்பு ஏற்றியாகிவிட்டது. வியாழக்கிழமை பன்னிரண்டு எலிகளுக்கு அறுவை. செல் இரண்டிரண்டாகப் பிரியப் பிரிய உள்ளே இருக்கும் இரும்பும் பாதி பாதியாகக் குறையும் என்பதால் தள்ளிப்போட முடியாது. சுடாத வில்லையோ ஈரம் பட்டால் கரைந்துவிடும். "பீங்கான் ஊர்ல சூளையா கிடைக்காது, போயிட்டு வா" என்றார் ஆய்வுக்கூடத்தின் தலைவரான மேடம்.

காலை 5.20க்குப் புதுச்சேரியில் பஸ். விழுப்புரத்தில் மாறி, உளுந்தூர்பேட்டை வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம், 60 ரூபாய். (மகளிர் இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான்.) மங்கலம்பேட்டையில் பெரிய வெளிநாட்டுப் பெட்டியோடு ஒருவர் ஏற, கண்டக்டர் என் டப்பாவை மேலே வைக்கச் சொன்னார்.

"ஒடஞ்சிடுங்க."

"முட்டையா?"

விளக்கக் கூச்சமாக இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

பஸ் நிலையத்திலிருந்து பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கத்துக்கு ஆட்டோ 100 ரூபாய். பியூஸ் கட்டை, பொம்மை சுடும் ஒரு சிறு பட்டறையில் கரண்ட் சூளை கிடைத்தது. சூளையில் சரக்கு அடுக்குபவர் செல்வி அக்கா.

"என்னாம்மா இது, மாத்திரையா?"

"எலும்புக்குங்க."

"எலும்புக்கு மாத்திரைய முழுங்கித்தான் பாத்திருக்கேன். சுட்டுப் பாத்ததில்ல."

அங்கே பல பேருடைய சரக்கு ஒரே சூளையில் போகும். மாறிவிடாமலிருக்க ஆளுக்கொரு குறி. என் வில்லைகளை எடுத்து, அடியில் ஒவ்வொரு சிவப்புப் பொட்டாக வைத்தார். மூன்றாவது பொட்டில்தான் உறைத்தது: அது காவி மண். காவி என்றால் இரும்பு. சுட்டால் வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் செல்லைப் போலவே கருப்பாகத் தெரியும்.

வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தெரியாத இடத்தில் வாய் திறந்தால் தப்பாகுமோ என்று காத்திருந்து பழக்கம். அன்றும் காத்திருந்தேன். நான்காவது, ஐந்தாவது. "அக்கா, வேணாங்க" என்று சொல்வதற்குள் ஒன்பது ஆகிவிட்டது. சுத்தமாக மிஞ்சியவை பதினொன்று.

காரணத்தைச் சொன்னேன். அவர் தூரிகையைக் கிண்ணத்தில் போட்டார்.

"அப்ப என் பொட்டையும் உன் மிஷினு செல்லுன்னுதான் சொல்லும்?"

"ஆமாங்க."

"ஏமாந்த மிஷினா இருக்குது. நீ மொதப் பொட்டுக்கே கத்தியிருக்கணும், வாயில என்னா கொழுக்கட்டையா?"

பிறகு இரண்டு சுடாத கிண்ணங்கள் எடுத்து, வெளிப்பக்கம் மட்டும் குறி வைத்து, ஒட்டாமலிருக்க நான் கொண்டு போன அதே கால்சியம் பாஸ்பேட் தூளை உள்ளே பரப்பி, பதினொன்றை ஒன்றிலும் ஒன்பதை மற்றதிலும் அடுக்கினார்.

சூளை ஆற மறுநாள் பகல் இரண்டு மணி ஆகும். லாட்ஜ் 600 ரூபாய். அறையில் உட்கார முடியவில்லை. மணிமுத்தாற்றுப் பாலம் வரை மூன்று முறை நடந்தேன். பழமலைநாதர் கோயிலில் எதற்கு வேண்டுவது என்றே தெரியாமல் பிரகாரம் சுற்றினேன். ஒரு எலிக்கு வில்லை இல்லை. அதை மேடத்திடம் எப்படிச் சொல்வது? பொட்டையும் மிஷின் செல் என்றுதான் சொல்லுமா என்று செல்வி அக்கா கேட்ட கேள்வியும் மனதை விட்டுப் போகவில்லை.

புதன்கிழமை திறந்தபோது ஒன்றுகூட விரிசல் விடவில்லை. பஸ் நிலையத்திலிருந்தே மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "பன்னிரண்டாவது எலிக்குப் பொட்டு வெச்ச வில்லைய, செல் இல்லாம வைக்கலாமா மேடம்? இரும்பு மட்டும் இருந்தா என்ன தெரியும்னு பாக்கணும்." "வை" என்றார்.

போன வாரம் ஸ்கேன் வந்தது. பன்னிரண்டு எலிகளிலும் கருப்புப் புள்ளி. பன்னிரண்டாவதில் செல் இல்லை. மற்ற பதினொன்றில் தெரிவது உயிரோடிருக்கும் செல்லா, செத்த செல் விட்டுப்போன இரும்பா? படத்தை எத்தனை முறை பெரிதாக்கினாலும் தெரியவில்லை.

சூளைக்குப் பொருள் கொண்டு போகிறவர்கள் மறுநாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அடியில் பரப்ப அதே தூள் கொஞ்சம் எடுத்துப் போங்கள். குறி ஆகாதென்றால், தூரிகை நனைவதற்குள் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை எலும்புகளை நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கப்போகிறோம். பன்னிரண்டாவதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறேன். செல் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பது முதலில் கண்ணுக்குப் பழக வேண்டும்.