எங்க வீட்டுக்காரரும் அவரு கட்டின கம்பைலரும்

மத்த வீட்டு ஆம்பளைங்களுக்குப் பந்தாட்டம் பார்க்கிற பைத்தியம், மீன் பிடிக்கிற பைத்தியம். எனக்கு வாய்ச்சவருக்குக் கம்பைலர் கட்டுற பைத்தியம். பேரு மோகனராஜ். பொறந்தது நிபோங் திபால், வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர். வீட்டுல வாஷிங் மெஷின் நின்னுபோனா மட்டும் வெளியாளைக் கூப்பிடணும்.

இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்ட புண்ணியவதி நான்தான். லிட்டில் இந்தியாவுல எனக்கு ஒரு தையல் கடை. ஒரு தீபாவளி அவசரத்துல கணக்குத் தப்பி, ஜெயலெட்சுமி அக்காவோட பட்டு ப்ளவுஸை ரெண்டு இஞ்சு குறைச்சு வெட்டித் தொலைச்சேன். அந்த அம்மா அதைத் தெரு முழுக்கப் படம் போட்டுக் காட்டாத குறை. பாதி வாடிக்கை போச்சு. இன்னொரு தடவை அப்படி ஆனா கடையை மூடிட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான். "உடம்பு அளவைக் குடுத்தா, துணி வெட்டுற அளவைச் சொல்ற மாதிரி சின்னதா ஒரு புரோகிராம் செஞ்சு குடுங்க"ன்னு கேட்டேன். இவ்வளவுதான் கேட்டேன்.

மனுஷன் என் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இந்தக் கிழத்துக்குப் பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் தாங்காது லா. நடுவுல எதுவும் இல்லாம நேரா மெஷின்ல ஓடணும். நாம எழுதுறதை மெஷினோட பாஷைக்கே மாத்திக் குடுக்க ஒரு கம்பைலர் வேணும். நானே கட்டுறேன்"னாரு. சோறாக்கச் சொன்னா, பானை செய்ய மண்ணு தோண்டப் போன கதை.

வருஷம் ஓடுச்சு. நானும் சும்மா இல்ல, வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். "உங்க கம்பைலர்ல ஒரு பித்தான் தைக்க முடியுமா?" "அதுக்கு ஒரு தொட்டில் கட்டிப் போடட்டுமா?" அவரு பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருப்பாரு. எருமை மேல மழை.

ஒரு ஞாயித்துக்கிழமை "துளசி! ஓடி வா!"ன்னு கத்தினாரு. பாம்புதான் வந்துடுச்சோன்னு விளக்குமாத்தோட ஓடினேன். கண்ணுல தண்ணியோட நிக்கிறாரு. "கம்பைலர் தன்னைத் தானே கம்பைல் பண்ணிடுச்சு! அதோட பாஷையிலேயே அதை எழுதிக் குடுத்தேன், அதுவே மெஷின் பாஷைக்கு மாத்திக்கிச்சு!"

"ரொம்ப சந்தோஷம். என் ப்ளவுஸ்?"

"அடுத்தது அதான்."

அடுத்ததா வந்த முதல் புரோகிராமை, என் லேப்டாப்புல இருந்த ஆண்டிவைரஸ் திருடன்னு நினைச்சு அழிச்சுப்போட்டுச்சு. இவரு இழவு விழுந்த மாதிரி திரிஞ்சாரு. தீபாவளி வேற நெருங்குது. இனி இவரை நம்பினா ஆகாதுன்னு 'இது நம்ம வீட்டுப் பிள்ளை, தொடாதே'ன்னு ஆண்டிவைரஸ்கிட்ட சொல்லி வச்சுட்டு, கம்பைலருக்கு அவரு தமிழ்ல எழுதி வச்சிருந்த விளக்கத்தைப் படிச்சு, நானே புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். அந்த விளக்கத்தைப் படிச்ச முதல் ஜீவன் நான்தான்.

எழுதி ஓட்டினேன். திரையில வந்துச்சு: "மடையா, ஏழாவது வரியில அடைப்புக்குறியை யாரு மூடுவா?"

உடனே ஃபேக்டரிக்குப் போன் போட்டேன். "உங்க செல்லப்பிள்ளை என்னை மடையாங்குது!"

"ஐயோ, அது எனக்கு நானே எழுதிக்கிட்டது! வேற யாரு வரப்போறான்னு நினைச்சேன்"னு குழைஞ்சாரு. அதோட விட்டாரா? "ஆனா திட்டு வந்தா தப்பு உன் பக்கம்தான். கம்பைலர்ல தப்பே வராது."

சரி, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்னு பேரு வேண்டாம்னு அடைப்புக்குறியை மூடித் திறந்து எல்லாத்தையும் சரி பண்ணினேன். கழுத்து அளவு வந்துச்சு. இடுப்பு வந்துச்சு. கைக்கான கணக்கை எழுதி ஓட்டினேன். இந்தத் தடவை திட்டு இல்ல. வேற ஒண்ணு:

"இந்த இடத்துக்கு யாரும் வரவே முடியாது. வந்தா நான் கட்டினது தப்பு. துளசிகிட்ட சொல்லிடாதே."

இதுவும் அவரு தனக்குத்தானே எழுதி வச்சதுதான்; அப்போ இந்தத் தடவை தப்பு கம்பைலர் பக்கம். சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. தைச்ச துணியை வாங்க வந்த வாடிக்கைக்காரப் பொண்ணு காமினி "என்னக்கா?"ன்னு பயந்துட்டா. அவ போனப்புறம் மறுபடி படிச்சேன். நான் பேசின பேச்சு ஒண்ணையும் இந்த மனுஷன் காதுல போட்டுக்கலைன்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்! பாவி மனுஷன், எல்லாத்தையும் வாங்கி உள்ளே வச்சிருக்காரு.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போகக் காரோட வந்தாரு. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற பையன் முகம்.

"என்ன, கம்பைலர்ல தப்பு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு"ன்னேன். "ஆனா துளசிகிட்ட சொல்லக்கூடாதாம்."

கார் சாவியைத் துணிக்கட்டு மேல வச்சுட்டு உட்கார்ந்தவரு, கைக் கணக்கு சரியா வர்ற வரைக்கும் எழுந்திரிக்கல. அந்தத் தீபாவளிக்கு அளவு சரியில்லைன்னு ஒரு ப்ளவுஸும் திரும்பி வரல.

"அந்த வரியை அழிச்சுடவா?"ன்னு மெதுவா கேட்டாரு. அதைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லிட்டேன்.